தண்ணி மெத்தை

காலையில் கண் விழித்ததும் யசோதினி முதலில் காது கொடுப்பது மேல் லயத்துப் பக்கம்தான். அங்கே சாவுக்கு அடிக்கும் தப்புச் சத்தம் கேட்கிறதா, பெண்கள் ஓலமிடுகிறார்களா என்று படுத்தபடியே கேட்பாள். ஒன்றும் கேட்காது. யாராவது தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வாளியை நங்கென்று வைப்பார்கள். வீரையாவின் இருமல் மட்டும் பனிக்குள் இறங்கி வரும். இன்னும் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பில் நிம்மதி பாதி, ஏமாற்றம் பாதி. ஏமாற்றம் தலைகாட்டியதும் எழுந்து உட்கார்ந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அடுப்பை மூட்டப் போவாள்.

அடுத்தவன் சாவுக்குக் காத்திருக்கிற அளவுக்குக் கெட்டவள் இல்லை அவள். ஹந்தானை மலையில் அந்தத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் நல்ல பிள்ளை என்றுதான் சொல்வார்கள். என்ன செய்வது, தோட்டம் முழுவதற்கும் ஒரே ஒரு தண்ணி மெத்தைதான் இருந்தது. அதில் வீரையா படுத்திருந்தார்.

அவள் புருஷன் கணேஸ் கண்டி டவுனில் மேசன்மாருக்குக் கையாளாகப் போய்க்கொண்டிருந்தவன். போன மழைக்காலத்தில் ஒரு மாடிக் கட்டடத்தின் சாரம் சரிந்து விழுந்ததில் முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துக் கவனியுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மகள் நிஷாந்தினியை ஹேவாஹெட்டையில் நாத்தனார் வீட்டில் விட்டு அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் மிச்சமிருந்தது கட்டிலும், கட்டிலில் கணேஸும், அவளும்தான்.

பிறகு புண் வந்தது. வலி தெரியாத இடத்தில் வந்ததால் அவனுக்கே அது தெரியவில்லை. அவளுடைய மூக்குத்தான் முதலில் கண்டுபிடித்தது. இடுப்புக்குக் கீழே, கட்டிலில் அழுந்துகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் குழி. கிளினிக்கிலிருந்து வந்த தாதி மிஸ்ஸி துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, கட்டிலைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"பலகையில தும்பு மெத்தயப் போட்டுப் படுக்க வச்சா இப்படித்தான் ஆகும். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடணும்."

"நான் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருவேனே மிஸ்ஸி. யாரு திருப்புறது?"

"அப்ப தண்ணி மெத்த ஒண்ணு தேடுங்க. காத்து மெத்தயும் இருக்கு, ஆனா அதுக்கு எந்த நேரமும் கரண்ட் வேணும். இங்க காத்தடிச்சாலே கரண்ட் போயிருதே. தண்ணிதான் சரி. இப்படியே விட்டா விஷம் ரத்தத்துல ஏறிரும். பெறகு ஒண்ணும் செய்ய ஏலாது."

கண்டியில் மருந்துக் கடையில் விலையை விசாரித்தாள். விசாரித்ததோடு சரி. அப்போதுதான் மேல் லயத்து வீரையாவின் ஞாபகம் வந்தது. அவருடைய மகள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அந்த வீட்டு முதிய நோனா இறந்த பிறகு, அவர் படுத்திருந்த மெத்தையைச் சுருட்டி அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். ரப்பர் பூசிய தடித்த துணி, பழுப்பு நிறம். காலிப் பையாக வந்ததில் பீலித் தண்ணீரை நிரப்பி, நடமாட்டம் போன வீரையாவை அதில் கிடத்தினார்கள். இத்தனை காலத்தில் கிழவரின் முதுகில் ஒரு சிவப்புப் பொட்டுக்கூட வரவில்லை என்று தோட்டமே சொன்னது.

வீரையாவின் மகன் திவாகரனிடம் போய்க் கேட்டாள். டவுனில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறவன், மனிதத் தன்மை உள்ளவன்.

"அப்பாவுக்கு ஒண்ணு ஆனதும் நீங்களே எடுத்துக்கங்க தங்கச்சி. எங்களுக்கு எதுக்கு அது" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்றிலிருந்து அவள் மேல் லயத்துக்குப் போய்வர ஆரம்பித்தாள். கிழவர் எப்படி இருக்கிறார் என்று வெறும் கையோடு போய்ப் பார்க்க முடியுமா? வேலை முடிந்து வந்து, கணேஸைத் துடைத்து, புண்ணைக் கழுவி, துணி மாற்றி, அவனுக்கு வைக்கிற கஞ்சியில் ஒரு கோப்பை எடுத்து மூடிக்கொண்டு படியேறுவாள். கூடை சுமந்த தோள் இரண்டும் விட்டுப்போகும். ஆனாலும் போவாள். பார்க்கிறவர்கள், "சொந்தப் புருசன் அந்த நெலமையில கெடக்க, ஊரு கிழவனுக்கும் ஊத்துறாளே" என்று மெச்சினார்கள். அந்த மெச்சுதல் அவளுக்கு அட்டைக் கடியாக இருந்தது.

வீரையா கட்டிலில் லேசாக அசைந்தபடி படுத்திருப்பார். அவர் இருமினால் மெத்தை முழுக்கக் குலுங்கும்.

"என்னா கஞ்சி இன்னைக்கு?"

"பயத்தங்கஞ்சி பெரியப்பா."

"உப்பு கம்மி."

"கொஞ்சம் போட்டுக் கொண்டாறவா?"

"வேணாம். உப்பு கூடுனா பிரசர் ஏறும்னு மிஸ்ஸி சொல்லுது. ஏறி ஒரேயடியாப் போய்ச் சேந்தா ஒனக்கும் நல்லதுதான்."

கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. "என்னா பெரியப்பா இப்புடிப் பேசுறீங்க?"

"வேற எப்புடிப் பேச? கணேஸு முதுகு எப்புடி இருக்கு?"

"அப்புடியேதான்."

"நாத்தம் வருதா?"

"வருது."

கிழவர் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கங்காணியா இருந்தவன் புள்ள. எவ கூடைக்கு அடியில முத்தல் எலயப் போட்டு மறச்சிருக்கான்னு மொகத்தப் பாத்தே சொல்லிருவேன். ஓன் மொகம் எனக்குத் தெரியாதா? நீ மொதநாள் கஞ்சியோட வந்தப்பவே தெரியும்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அழுவாத, கஞ்சி ஆறுது. ஓன் மேல கோவம் ஒண்ணும் இல்ல. ஒரு நா யோசிச்சேன், எறங்கிக் குடுத்துருவமான்னு. எறங்குனா அடுத்த மாசமே எனக்கும் புண்ணு வந்துரும். பயமா இருக்கு புள்ள. இந்த வயசுலயும் பயமாத்தான் இருக்கு. எனக்கு அந்தளவுக்கு மனசு இல்ல."

"நான் அதுக்கு வரல பெரியப்பா."

"அதுக்குத்தான் வாற. வா. வேற யாரு எனக்குக் கஞ்சி கொண்டாறா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, மெத்தை குலுங்கியது. அடங்கிய பிறகு கையை நீட்டிக் கால்மாட்டைக் காட்டினார். "அந்த மூலையப் பாரு. அடைப்பு ஒண்ணு இருக்கா? அத எடத்துப் பக்கமாத் திருப்பணும். தண்ணி தன்னால எறங்கிரும். நெரப்பயில முழுசா நெரப்பாத, கல்லாட்டம் ஆயிரும். முக்காவாசி போதும். மேல ஒரு கம்பளியப் போடு. இல்லாட்டி விடியக்காலத்துல குளிரு கொன்னுரும்."

அவள் குனிந்து அடைப்பைத் தொட்டுப் பார்த்தாள். வாசலில் திவாகரனின் பெண்சாதி வருகிற சத்தம் கேட்டதும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

அவர் இறந்தது ஒரு மழை நாளில். யசோதினி மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். தலையில் போட்ட ரப்பர் சீட்டிலிருந்து தண்ணீர் கண்ணுக்குள் வழிந்தது. கீழே இருந்து ஆள் வந்து, மேல் லயத்தில் எழவு என்று சொன்னான். நிரையிலிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை நிறுத்தினார்கள். அவளுக்கு முதலில் நெஞ்சு லேசாயிற்று. அப்புறம்தான் துக்கம் வந்தது. இந்த வரிசையை அவள் கடைசிவரை மறக்கப் போவதில்லை.

கூடையை நிறுக்காமலே இறக்கிவைத்துவிட்டு ஓடினாள். திவாகரன் பெட்டி வாங்க டவுனுக்குப் போயிருந்தான். உடலை வாசல் இஸ்தோப்பில் வாங்குப் பலகைக்கு மாற்றியிருந்தார்கள். காரியங்களை நடத்திக்கொண்டிருந்தவள் ராக்கம்மா. யசோதினியின் லயத்திலேயே கடைசியில் உள்ள தொங்கல் காம்பராவில் இருப்பவள், லொறியில் கொழுந்து ஏற்றுகிற தனபாலனின் பெண்சாதி. எந்த லயத்தில் சாவு விழுந்தாலும் விளக்கு எந்தப் பக்கம், குளிப்பாட்டத் தண்ணீர் எத்தனை குடம் என்று சொல்ல ராக்கம்மாதான் வரவேண்டும். அவள் சொன்னால் அப்பீல் கிடையாது.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. செத்தவர் உயிர் விட்ட பாயும் தலையணையும், உடலைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால் வீட்டைவிட்டு ஆற்றோரம் போய்விட வேண்டும். கிடந்தால் செத்தவர் திரும்ப வந்து படுத்துக்கொள்வார் என்பார்கள். பாயும் தலையணையும் போயாயிற்று. மெத்தைதான் மல்லுக்கட்டியது. நாலு பேர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தூக்கினார்கள். தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து, மெத்தை அவர்கள் கையிலிருந்து வழுக்கிக் கட்டிலிலேயே விழுந்தது.

"என்னாடா இது, செத்த எருமையாட்டம் கனக்குது."

"நின்னுக்கிட்டே இருந்தா எப்புடி? பொணம் காத்துக்கெடக்கு" என்று ராக்கம்மா உள்ளே வந்தாள். "கிழிச்சு விடுங்கடா. தண்ணி போனா கனம் போயிரும்."

ஒருவன் இறவாணத்தில் செருகியிருந்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை உருவினான்.

யசோதினி நிலைப்படியில் நின்றாள். கால்மாட்டு மூலையில் அடைப்பு இருக்கிறது, இடது பக்கம் திருப்பினால் போதும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் திறந்தது. ஆனால் பத்தடி தள்ளி அந்த மனிதர் இன்னும் குளிப்பாட்டாமல் கிடக்கிறார். அவர் முகத்துக்கு முன்னால் மெத்தையைப் பற்றி எப்படிப் பேசுவது? இதுக்குத்தான் கஞ்சி கொண்டுவந்தாளா என்று கேட்பார்களே. கேட்டால் இல்லை என்று சொல்ல முடியுமா? அவள் இப்படி யோசித்த நேரத்துக்குள் கத்தி இறங்கிவிட்டது.

சொல் வரவேண்டிய இடத்தில் அலறல் வந்தது. தரையில் விழுந்து அடித்துக்கொண்டு அழுதாள். தண்ணீர் கட்டிலிலிருந்து கொட்டி, நிலைப்படி தாண்டி, அவள் பாவாடையை நனைத்துக்கொண்டு வாசல் சாக்கடைக் கானுக்குள் ஓடியது. கிழவரின் சூடு இன்னும் அதில் இருந்தது. பெண்கள் ஓடிவந்து அவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டார்கள்.

"பெத்த மக இன்னும் கொழும்புலருந்து வந்து சேரல. இவ அழுவுறதப் பாரு" என்று ராக்கம்மாவே கண்ணைத் துடைத்தாள்.

அடக்கம் முடிந்த பிறகு திவாகரன் அவளிடம் வந்தான். "நான் நின்னிருந்தா விட்டிருக்க மாட்டேன் தங்கச்சி" என்றான். அவனைக் குறை சொல்ல அவளுக்கு மனமில்லை. அங்கேயே நின்ற தானே வாயைத் திறக்கவில்லையே.

மறுநாள் மலைக்குப் போகாமல் ஆற்றோரம் இறங்கினாள். பாய் கரையில் கிடந்தது. மெத்தை இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கி, தண்ணீர் மோதும்போதெல்லாம் புடைத்து அடங்கிக்கொண்டிருந்தது. இழுத்துப் பிரித்துப் பார்த்தாள். ஒரு முழத்துக்கு வெட்டு, ஒரே இடத்தில்தான். அங்கேயே சவர்க்காரம் போட்டு, கல்லில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு லயத்துக்கு ஏறினபோது ராக்கம்மா இஸ்தோப்பில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யசோ! என்னாத்தத் தூக்கிட்டு வாற?"

"ஒங்களுக்குத் தெரியாதா அக்கா?"

"ஒனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு? பொணத்தோட போனத வீட்டுக்குள்ள கொண்டு போறியே. அந்த மனுசன் தேடிக்கிட்டு இந்த லயத்துக்கு வருவாரு. இன்னொரு உசுரு போகும், சொல்லிப்புட்டேன்."

"இது வாறப்பவே செத்தவுங்க மெத்ததான். கொழும்பு நோனா இதுலதான் செத்தாங்க. அப்ப ஒண்ணும் சொல்லலியே நீங்க?"

"அத நாங்க பாத்தமா? பாக்காததுக்கு என்னாடி தீட்டு?"

"அப்ப வந்து எம் புருசன் முதுகப் பாருங்க. வாங்க, வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

யசோதினி கதவை அகலத் திறந்தாள். உள்ளேயிருந்து வாடை வெளியே வந்தது. ராக்கம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கீரைச் சுளகைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று மாலையிலிருந்து பீலிக்கரையில் யசோதினிக்குக் கடைசி இடம். எல்லோரும் பிடித்து முடித்த பிறகுதான் அவள் வாளி வைக்கலாம். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, அவள் வந்தால் தாங்கள் விலகினார்கள், அவ்வளவுதான்.

கண்டியில், ஹந்தானை ரோடு வந்து இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் இப்திகாரின் டயர் ஒட்டுகிற கடை இருக்கிறது. கணேஸின் சைக்கிளுக்கு முன்பு அவர்தான் ஒட்டுவார். அவர் மெத்தையை விரித்துப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"இதென்னத்தயன் தங்கச்சி? லொறி டியூப்புமில்ல."

சொன்னாள். யார் மெத்தை, எப்படிக் கிழிந்தது என்று எல்லாவற்றையும் சொன்னாள். மறைத்துப் பழகியவளுக்கு அந்த அந்நிய மனிதரிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அவர் கேட்டுக்கொண்டே வெட்டின் இரு பக்கமும் அரத்தால் தேய்த்தார். சொலூஷன் பூசி, காயவிட்டு, பழைய டியூப்பில் நீளமாக ஒரு துண்டு வெட்டி ஒட்டி, இரும்புக் கட்டையை ஏற்றி வைத்தார்.

"ஏலுமான மட்டும் செஞ்சி ஈக்கி. காத்தெண்டா சொல்லலாம். தண்ணிக்கு நான் பொறுப்பு நிக்க ஏலா. அது ஒரு பொட்டு வழி கெடச்சாலும் போகும். பாத்துப் பாத்து ஊத்துங்கோ. கணேஸுக்கு அல்லா சொகத்தக் குடுக்கட்டும்."

அன்று மாலை பீலியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தாள். பாதியைச் சுடவைத்துக் கலந்து, முக்காலளவு நிரப்பி, அடைப்பை வலப் பக்கம் இறுக்கினாள். மேலே கம்பளி. கணேஸை ஒருக்களித்துப் புரட்டி, மெதுவாக மெத்தை மேல் இழுத்தாள். தண்ணீர் ஒதுங்கி அவனுக்கு இடம் கொடுத்தது.

"இது வீரையா கங்காணியோடது தானே?" என்றான் அவன்.

"ஆமா. ஒங்களுக்குப் பயமா இருக்கா?"

அவன் கம்பளியைக் கையால் தடவிப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, "கீழ ஒண்ணும் தெரியல. முதுகு மட்டும் தெரியுது. மெதக்குற மாதிரி இருக்கு யசோ" என்றான். விழுந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவன் முகத்தில் சுருக்கம் இல்லாமல் தூங்கியதைப் பார்த்தாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். இந்த முறை யாருக்காக அழுகிறோம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கணேஸுக்கும், வீரையாவுக்கும்.

ஒட்டு கசியத்தான் செய்தது. காலையில் கட்டிலுக்குக் கீழே ஒரு கை அகல ஈரம் இருக்கும். துணியால் ஒற்றிவிட்டு, குறைந்த அளவுக்கு ஊற்றிவிட்டு மலைக்குப் போவாள். நாளாக ஆக வாடை குறைந்தது. மிஸ்ஸி வந்து பார்த்தபோது புண்ணின் ஓரத்தில் புதுச் சதை சிவப்பாக வந்திருந்தது. "ஆறும். ஆனா நாளாகும். மெத்தய விட்டு எறக்கிறாதீங்க. எறக்குனா திரும்பவும் மொதல்லருந்துதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். யசோதினி அன்று கொஞ்சம் மாசிக் கருவாடு வாங்கிச் சம்பல் இடித்தாள்.

அடுத்த மழை தொடங்கின சமயத்தில் தனபாலன் லொறியில் கொழுந்துச் சாக்கை ஏற்றிக்கொண்டிருந்தபடியே சரிந்தான். பாரிசவாதம். ஒரு பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. நான் அப்போதே சொன்னேனே என்று ராக்கம்மா லயம் அதிரக் கத்துவாள் என்று யசோதினி காத்திருந்தாள். ராக்கம்மா கத்தவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவந்து தொங்கல் காம்பராவில் கிடத்திய பிறகு அவளை வெளியில் காண்பதே அபூர்வமாயிற்று. பீலிக்கரைக்கும் கடைசியில்தான் வந்தாள். இரண்டு பேரும் வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

பிறகு ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில் ராக்கம்மா வாசலில் வந்து நின்றாள். கையில் தட்டுப் போட்டு மூடிய கோப்பை.

"தம்பி எப்புடி இருக்கு?"

இந்தக் கேள்வியை யசோதினி மேல் லயத்து வாசலில் நின்று எத்தனையோ மாலை கேட்டிருக்கிறாள். அதற்குள் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"இருக்காரு அக்கா."

"பயத்தங்கஞ்சி வச்சேன். தம்பிக்குக் கொஞ்சம் குடுப்பமேன்னு…"

ராக்கம்மாவின் கண் கணேஸின் முகத்தில் நிற்கவில்லை. கம்பளிக்குக் கீழே இறங்கி, டியூப் ஒட்டின இடத்தில் போய் நின்றது. பொணத்தோட போன மெத்தைதானே அக்கா, தீட்டில்லையா என்று கேட்க யசோதினிக்கு வாய் துறுதுறுத்தது. பீலிக்கரையில் கடைசியாக நின்ற நாட்களிலெல்லாம் இப்படி ஒரு கேள்வியை அவள் மனதில் தீட்டி வைத்திருந்தாள். ராக்கம்மாவின் கண்ணுக்கடியில் இருந்த கருப்பைப் பார்த்ததும் அது வெளியே வரவில்லை.

"அண்ணனுக்குப் புண்ணு வந்துருச்சா?" என்றாள்.

"முதுகுல செவப்பா இருக்கு."

"நாத்தம்?"

"இன்னும் இல்ல." ராக்கம்மா குரலைத் தாழ்த்தினாள். "யசோ, தம்பிக்கு ஆறிருச்சுன்னா… பெறகு…"

"ஆறுனதும் தாறேன் அக்கா."

இரண்டு பேருக்கும் தெரியும், அது ஆற எவ்வளவு காலம் ஆகும் என்று. தனபாலனின் முதுகு அதுவரை காத்திருக்காது என்பதும் தெரியும். ஆறுவதைத் தவிர அந்த மெத்தை கைமாற வேறொரு வழியும் இருந்தது. அதை யாரும் சொல்லவில்லை.

கணேஸ் கஞ்சியை ஆசையாகக் குடித்தான். "இவ்வளவு கஷ்டத்துலயும் என்னய நெனச்சீங்களே அக்கா. கொஞ்சம் உப்புத்தான் கம்மி."

"நாளைக்குக் கூடப் போட்டுக் கொண்டாறேன் தம்பி" என்றாள் ராக்கம்மா.

மறுநாள் காலை கண் விழித்தபோது பனி இன்னும் விலகவில்லை. பீலிக்கரையில் யாரோ வாளி வைத்தார்கள். தொங்கல் காம்பராவில் அடுப்பு மூட்டுகிற சத்தம் இல்லை, கதவுச் சத்தமும் இல்லை. அங்கே ஒருத்தி விழித்துக்கொண்டே படுத்து, இந்தப் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று யசோதினிக்குத் தெரிந்தது. எழுந்துபோய்க் கணேஸின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னா யசோ?" என்றான் அவன், தூக்கக் கலக்கத்தில்.

"ஒண்ணுமில்ல. ஒருக்கா சத்தமா இருமுங்க."